கரண்டிமூக்கு உள்ளான் பார்த்தேன் என்றதும் ஏன் இத்தனை சந்தேகம்?

நாணல்காடு:

வணக்கம் நண்பர்களே. பறவை பார்க்க ஆரம்பித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன, கத்துக்குட்டி என்றே வைத்துக்கொள்ளுங்கள். போன வாரம் ஒரு சேற்றுப்பரப்பில் கொசு உள்ளான் (சாதாரணமாகக் கிடைக்கும் சின்னக் கரையோரப் பறவை) கூட்டத்துக்குள் ஒரு பறவையின் அலகு நுனி மட்டும் அகலமாக, தட்டையாக இருந்ததைப் பார்த்தேன். மிக அரிய கரையோரப் பறவையான கரண்டிமூக்கு உள்ளான் என்றுதான் அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது. கூட வந்தவர் ஸ்கோப்பின் (தொலைநோக்கி) மேல் செல்போனை வைத்துக் கொஞ்சம் வீடியோ எடுத்தார், ஆனால் கானல் அலையில் எல்லாமே நெளிகிறது.

பறவை பார்ப்பவர்கள் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இ-பேர்டில் ஏற்றினேன். கூடுதல் விவரம் கேட்டு, பதிவுகளைச் சரிபார்க்கும் மதிப்பாய்வாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அது பரவாயில்லை, கண்ணியமாகத்தான் கேட்டிருந்தார். நான் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நடந்ததுதான் மனதை உறுத்துகிறது. ஒருவர் "கனவில் வந்ததா?" என்கிறார், இன்னொருவர் "அடுத்தது டோடோவா?" என்கிறார், அதற்குப் பத்துப் பேர் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். அதே குழுவில் ஒரு மூத்தவர் படமே இல்லாமல், விவரமும் இல்லாமல், ஓர் அபூர்வக் கழுகைப் பார்த்தேன் என்று ஒரே வரியில் போட்டபோது எல்லோரும் கைதட்டினார்கள்.

பொய் சொல்லி எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? சந்தேகம் எது வரை நியாயம், எங்கிருந்து வெறும் திமிர்? அனுபவமுள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். இடத்தை இங்கே எழுதப் போவதில்லை, கேட்க வேண்டாம்.

சேற்றுக்கால்:

இடத்தைச் சொல்லாதது நல்ல காரியம். மற்றதுக்கு வருகிறேன்.

பொய் சொல்பவர்கள் இந்தப் பொழுதுபோக்கில் மிகக் குறைவு. தவறான அரிய பதிவுகளில் பெரும்பகுதி நேர்மையானவர்களிடமிருந்துதான் வருகிறது, அதனால் "நான் ஏன் பொய் சொல்லப் போகிறேன்" என்கிற பதில் யாருக்கும் உதவாது. உங்களிடம் கேட்கப்படுவது வேறு கேள்வி: அந்த அலகு நுனியில் இருந்தது அலகா, சேறா?

சும்மா சொல்லவில்லை. கொசு உள்ளான் ஈரச்சேற்றைக் குத்திக் குத்தி மேயும்போது ஒரு சிறு உருண்டை நுனியில் ஒட்டிக்கொள்ளும். தூரத்திலிருந்து, அதுவும் எதிர்வெயிலில் பார்த்தால், அச்சு அசலாகக் கரண்டி. கரையோரப் பறவைகளை வருடக்கணக்கில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். இதில் இன்னொரு சங்கடமும் உண்டு, உண்மையான கரண்டிமூக்கைப் பக்கவாட்டில் பார்த்தால் கரண்டியே சரியாகத் தெரியாது, வெறும் கறுப்பு அலகு மாதிரிதான் இருக்கும். ஆக, இருப்பது தெரியாமல் போகும், இல்லாதது தெரியும்.

அப்புறம் கணக்கு. ஒரு சேற்றுப்பரப்பில் 10,000 கொசு உள்ளான், அவற்றுக்குள் ஒரே ஒரு கரண்டிமூக்கு என்று வைத்துக்கொள்வோம். பார்க்கிறவர் கெட்டிக்காரர், ஆயிரத்தில் ஒன்றைத்தான் தப்பாகச் சொல்வார். எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்போது அவரிடம் 11 கரண்டிமூக்கு இருக்கும், அதில் 10 போலி. ஆளின் திறமையில் குறை ஒன்றும் இல்லை, பறவை அவ்வளவு அரிது என்பதால் வருகிற விளைவு இது. உலகம் முழுக்கவே சில நூறு மட்டும் மிஞ்சியிருக்கிற, ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் கூடு கட்டித் தென்கிழக்கு ஆசியக் கரைகளுக்கு வலசை வருகிற ஒரு பறவையைப் பார்த்தேன் என்று சொன்னால், அதே ஆள் அன்றைக்கே பார்த்த நூறு மற்ற பறவைகளைக் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு இதை மட்டும் பிடித்துக் குடைவார்கள், குடையத்தான் வேண்டும்.

எனவே சொல்லுங்கள். அது எப்படி மேய்ந்தது? கொசு உள்ளான் தையல் மெஷின் ஊசி மாதிரி டக் டக் என்று குத்தும். கரண்டிமூக்கு அப்படி இல்லை, தலையைத் தாழ்த்தி, அலகை நீரிலோ கூழ்ச்சேற்றிலோ வைத்தபடி இடமும் வலமுமாக ஆட்டிக்கொண்டே முன்னால் நடக்கும். எனக்கு அலகின் வடிவத்தைவிட இதுதான் பெரிய சாட்சி, ஏனென்றால் சேறு ஒட்டிய கொசு உள்ளான் தன் மேய்ச்சல் பழக்கத்தை மாற்றிக்கொள்ளாது. முகமும் நெற்றியும் பக்கத்தில் நின்றவற்றைவிட வெளுப்பாக இருந்தனவா? நேர் எதிராக உங்களைப் பார்த்துத் திரும்பியதா? எவ்வளவு நேரம் பார்த்தீர்கள்?

வெயில்தாங்கி:

தெளிவான படம் இல்லையா, பதிவு இல்லை. முடிந்தது. இதில் நீட்டி முழக்க என்ன இருக்கிறது.

பழைய ஏடு:

வெயில்தாங்கி அவர்களே, படம் இருந்தால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிறீர்கள். படத்தைவிடப் பெரிய சாட்சி செத்த பறவையின் உடல், இல்லையா? அந்த உடலைக் கையில் வைத்துக்கொண்டே ஏமாந்திருக்கிறார்கள், அதுவும் சின்ன ஆட்கள் இல்லை.

இங்கிலாந்தில் ஹேஸ்டிங்ஸ் என்ற ஊரைச் சுற்றி 1892 முதல் 1930 வரை அந்நாட்டில் மிக அரிதான, யாரும் பார்த்திராத பறவைகள்கூட அடுத்தடுத்துச் சுடப்பட்டதாகச் சொல்லப்பட்டன. அவற்றில் ஏராளமானவை ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற, செத்த பறவைகளைப் பஞ்சடைத்துப் பாடம்செய்பவரின் கடை வழியாகவே வந்தவை. உடல்கள் நிஜம், இனமும் நிஜம், அடையாளத்தில் ஒரு பிசகும் கிடையாது. ஆனால் அவை அங்கேதான் சுடப்பட்டன என்பதற்குச் சொன்னவர் வாய்ச்சொல் மட்டுமே. 1962இல் 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழில் மொத்தத்தையும் அலசினார்கள். ஜான் நெல்டர் என்ற புள்ளியியலாளர் அந்த வட்டாரத்தின் பதிவுகளைப் பக்கத்து வட்டாரங்களோடும் பிற்காலத்தோடும் ஒப்பிட்டு, இயற்கையாக இப்படி நடக்க வழியில்லை என்று காட்டினார். இனங்களும் துணை இனங்களுமாக 29 பிரிட்டன் பட்டியலிலிருந்து கழிக்கப்பட்டன. இதில் எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், அவற்றில் பெரும்பாலானவை பிற்காலத்தில் வேறு ஆட்கள் ஒழுங்காகப் பார்த்துப் பதிந்து பட்டியலுக்குத் திரும்பிவிட்டன. "அங்கே அந்தப் பறவை வர வாய்ப்பே இல்லை" என்று அப்போது யாராவது வாதாடியிருந்தால் அவர் தோற்றிருப்பார். வர வாய்ப்பு உண்டு. இந்தப் பதிவுகள்தான் நம்பும்படி இல்லை. இரண்டும் வேறு வேறு என்பது பலருக்குப் புரிவதில்லை.

அடுத்தது, கேள்வி கேட்டவர் சொன்ன அந்த மூத்தவர் விவகாரம். ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகன் பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ராணுவ அதிகாரி, பெரிய இடத்து மனிதர், பறவையியலில் பெரும்புள்ளி. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அனுமதியில்லாமல் பாடம்செய்த பறவை மாதிரிகளை எடுத்துப் போனதற்காக அவரைப் பறவை அறைக்குள் வரக்கூடாது என்று ஒரு சமயம் தடையே போட்டிருந்தது. அப்படியிருந்தும் அவர் பதிவுகளை யாரும் வெளிப்படையாகக் கேள்வி கேட்கவில்லை. 1967இல் இறந்தார். அதற்குப் பல வருடங்கள் கழித்துத்தான், அருங்காட்சியகங்களிலிருந்து மாதிரிகளைத் திருடி, மறுபடி பஞ்சடைத்து, தான் சேகரித்ததாகப் புது இடமும் தேதியும் போட்டுச் சீட்டு கட்டியிருக்கிறார் என்பது வெளியே வந்தது.

இதனால் நிஜமான நஷ்டமும் ஏற்பட்டது. மத்திய இந்தியக் காட்டுச் சிறு ஆந்தை 1884க்குப் பிறகு யார் கையிலும் கிடைக்கவில்லை. இவர் மட்டும் 1914இல் குஜராத்தில் ஒன்றைச் சுட்டதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பமேலா ராஸ்முசென் என்ற பறவையியலாளர் அந்த மாதிரியை ஆராய்ந்து, அது ஜேம்ஸ் டேவிட்சன் 1880களில் சேகரித்ததைத் திருடியது என்று கண்டுபிடித்தார். பிறகு பழைய, நம்பகமான சீட்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு 1997 நவம்பரில் தேடப் போனவர்களுக்கு மகாராஷ்டிராவின் ஷஹாதா பக்கத்தில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. ஆக, ஆளின் பெயருக்காகப் பதிவை ஏற்பதன் விலை இது. அந்த வாட்ஸ்அப் குழுவில் மூத்தவரின் ஒருவரிக் கழுகுக்குக் கைதட்டியவர்கள்தான் உங்கள் பதிவைவிடப் பெரிய பிரச்சனை, என்னைக் கேட்டால்.

வெயில்தாங்கி:

திருடனையும் மோசடிக்காரனையும் உதாரணம் காட்டினால் யார் மறுப்பது. சாதாரண ஆள், சாதாரணத் தப்பு, அதைப் பற்றித்தானே பேச்சு? தெளிவான படம் இருந்தால் அந்தத் தப்பு அங்கேயே தெரிந்துவிடும். நான் சொன்னது அவ்வளவுதான்.

புதர்வாசி:

தெளிவில்லாத படத்தை வைத்து உலகமே இரண்டாகப் பிரிந்த கதையும் இருக்கிறது. அமெரிக்காவில் தந்த அலகு மரங்கொத்தி, போய்விட்டது என்றே பலர் முடிவு கட்டியிருந்த பறவை. 2004இல் ஆர்கன்சா சதுப்புக் காட்டில் பார்த்ததாகச் சொல்லி, சில விநாடி வீடியோவோடு 2005இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரையே வந்தது. எழுதியவர்கள் துறையின் பெரிய பெயர்கள். அடுத்த வருடமே பறவை வழிகாட்டி நூல் எழுதிய டேவிட் சிப்லி முதலானோர் அதே இதழில், இது சாதாரணமாக அங்கே இருக்கும் பைலியேட்டட் மரங்கொத்திதான், சிறகு அடிக்கும்போது அடிப்பக்கம் தெரிவதை மேல்பக்கம் என்று எடுத்துக்கொண்டீர்கள் என்று மறுத்து எழுதினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. அமெரிக்க அரசு 2021இல் அந்தப் பறவை அழிந்துவிட்டது என்று அறிவிக்க முன்மொழிந்தது, 2023இல் மற்ற 21 இனங்களை அப்படி அறிவித்தபோது இதை மட்டும் தள்ளிவைத்துவிட்டது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மறுத்தவர்கள் அங்கே "டோடோவா" என்று நக்கல் அடிக்கவில்லை, எந்த இறகு எந்த ஃபிரேமில் எப்படித் தெரிகிறது என்று உட்கார்ந்து எழுதினார்கள். அது சந்தேகம். வாட்ஸ்அப்பில் சிரிப்புப் பொம்மை போடுவதற்குப் பெயர் சந்தேகம் இல்லை, அதற்கு அறிவு எதுவும் தேவையே இல்லை, பறவையைப் பற்றி ஒன்றும் தெரியாதவனும் போடலாம். சரியாகச் சந்தேகப்படுகிற ஆளுக்குக் கொசு உள்ளானும் தெரிந்திருக்க வேண்டும், கரண்டிமூக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இங்கே யாரும் சொல்லாதது. சந்தேகம் எல்லோர் மேலும் ஒரே மாதிரி விழுவதில்லை. புதிதாக வந்தவர், சின்னப் பையன், பெண்கள், விலை உயர்ந்த லென்ஸ் இல்லாதவர், இவர்களிடம் ஐந்து கேள்வி. பெரிய லென்ஸ்காரரிடம் ஒன்றும் இல்லை. போர்னியோவில் கருப்புருவச் சிலம்பன் என்று ஒன்று, 1840களில் பிடித்த ஒரே ஒரு மாதிரியைத் தவிர 170 வருடத்துக்கும் மேலாக ஆதாரமே இல்லாதது, அந்த மாதிரியின் சீட்டில்கூட ஜாவா என்று தப்பாக எழுதியிருந்தது. 2020இல் உள்ளூர்க்காரர்கள் இருவர் காட்டில் ஒரு பறவையைப் பிடித்து, இது என்னவென்று தெரியவில்லையே என்று படம் எடுத்து, விட்டுவிட்டு, பறவையாளர்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் விஞ்ஞானிகள் கிடையாது. படத்தைப் பார்த்தவர்கள் "போய்யா" என்று தள்ளியிருந்தால்? தள்ளவில்லை, கண்ணின் நிறம் பழைய மாதிரியோடு ஒத்துப்போகவில்லையே என்றுகூடக் குழம்பி, பாடம்செய்தபோது வைத்த செயற்கைக் கண்ணால் வந்த வித்தியாசம் என்று புரிந்துகொண்டு ஏற்றார்கள்.

வடிகட்டி:

நான் என் பகுதிக்கு இ-பேர்ட் மதிப்பாய்வு செய்கிற தன்னார்வலர்களில் ஒருவன், அந்தப் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன். நாணல்காடு, உங்கள் பதிவைப் பார்த்தவன் நான் இல்லை.

முதலில், அந்த மின்னஞ்சலைத் தூண்டுவது பெரும்பாலும் மனிதர்கூட இல்லை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் எந்தப் பறவை எத்தனை வரை இருக்கலாம் என்று ஒரு வரம்பு போட்டு வைத்திருக்கிறோம். அதைத் தாண்டினால் பதிவு தானாகக் கொடி ஏறும், அதாவது சரிபார்க்க வேண்டியது என்று குறி விழும். காக்கை அளவுக்கு மீறி இருந்தாலும் ஏறும், நான் போட்டாலும் ஏறும். அப்புறம்தான் ஆள் பார்ப்பார். உறுதியாகவில்லை என்று குறித்தால் அது உங்கள் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும், யாரும் அழிக்க மாட்டார்கள், பொதுவில் காட்டும் வரைபடத்திலும் ஆய்வுக்குப் போகும் தரவிலும் மட்டும் வராது. பிரிட்டனின் அரிய பறவைகள் குழு 1959இலிருந்து இதைத்தான் செய்கிறது. பத்துப் பேர் ஓட்டுப் போடுகிறார்கள், குழு உறுப்பினர்களே கொடுத்த பதிவுகளும் அங்கே தோற்றிருக்கின்றன. தோற்றவர்கள் மறுநாளும் பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்.

எங்களுக்கு எரிச்சல் வருவது எதில் என்றால், நிராகரித்ததை அவமானமாக எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருபவர்களிடம் இல்லை, அதுகூடப் புரிந்துகொள்ள முடிகிறது. "தெளிவாகப் பார்த்தேன், நூறு சதவீதம் உறுதி" என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்களே, அதில்தான். நீங்கள் எவ்வளவு உறுதியாக இருக்கிறீர்கள் என்பதை வைத்து நான் ஒன்றும் செய்ய முடியாது. என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை, வேறு எதுவாக இருக்கலாம் என்று யோசித்தீர்கள், அதை ஏன் விலக்கினீர்கள், இவை வேண்டும். தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுகிறவரின் குறிப்பு எனக்கு மங்கலான படத்தைவிட மதிப்பு. கால் நிறம் பார்க்கவில்லை என்று ஒருவர் எழுதினால், அவர் சொன்ன மற்றதை நான் இன்னும் கொஞ்சம் நம்புவேன். வழிகாட்டிப் புத்தகத்தில் இருக்கிற எல்லா அடையாளத்தையும் வரிசையாக எழுதியிருந்தால் எனக்கு உள்ளே மணி அடிக்கும்.

வெயில்தாங்கி படம் படம் என்கிறார். இப்போது வரும் படங்களைப் பார்த்தால் அவரே யோசிப்பார். செல்போனும் திருத்தும் மென்பொருளும் மங்கலான இடத்தைத் தாங்களே ஊகித்து இறகு வரைந்து நிரப்புகின்றன. சேறு ஒட்டிய அலகை அப்படிக் கூர்மையாக்கினால் அழகான கரண்டி ஒன்று வந்து நிற்கும். ஏமாற்றும் எண்ணம் யாருக்கும் இல்லை, மென்பொருள் உதவி செய்துவிட்டது, அவ்வளவுதான். திருத்தாத நெளிகிற வீடியோ அதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஒலிக்கும் இதே கதை, குரலைக் கேட்டுப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி ஒரு பெயரைக் காட்டியது என்பதை மட்டும் வைத்துப் பதிந்துவிடுகிறார்கள். துடுப்புவால் கரிச்சான் ஒரு காலையில் எத்தனை பறவைகளின் குரலில் கத்தும் என்று செயலிக்குக் கவலை இல்லை.

குழுவில் கேலி செய்தவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல. அவர்களால் எங்கள் வேலைதான் கெடுகிறது. இரண்டு தடவை கேலிக்கு ஆளானவர் மூன்றாவது தடவை நல்ல பறவையைப் பார்த்தாலும் வாயைத் திறக்க மாட்டார்.

நாணல்காடு:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. சேற்றுக்கால் அண்ணன் கேட்டதற்கு, அங்கேயே நோட்டில் எழுதியதைப் பார்த்துச் சொல்கிறேன்.

ஆழமில்லாத நீர்த் தேக்கத்தில் மேய்ந்தது. அலகை நீரிலிருந்து எடுக்காமல் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி நடந்தது என்று எழுதியிருக்கிறேன். சுற்றி இருந்தவை குத்திக்கொண்டிருந்தன. ஒருமுறை என் பக்கம் நேராகத் திரும்பியது, அப்போதுதான் நுனி அகலம் தெரிந்தது. பக்கவாட்டில் நின்றபோது எனக்கே சந்தேகமாக இருந்தது. நெற்றி வெளுப்பாக இருந்தது, ஆனால் வெயில் நேராக விழுந்ததால் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன். கால் கறுப்பு, ஆனால் கொசு உள்ளானுக்கும் கறுப்புதானே. நேரம், ஐந்து நிமிடத்துக்குள்தான், ஒரு வல்லூறு வந்து எல்லாவற்றையும் கிளப்பிவிட்டது, திரும்ப இறங்கிய கூட்டத்தில் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. குரல் கேட்கவில்லை.

சேற்றுக்கால்:

தம்பி, இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே! நீரில் அலசிக்கொண்டே மேய்ந்தும் நுனி அகலமாகவே இருந்தது என்றால் சேறு என்கிற என் வாதம் பாதி கரைந்துவிட்டது. பாதிதான். கெட்டியான களிமண் சீக்கிரம் போகாது. ஆனால் அந்த மேய்ச்சலை எனக்கு வேறு விதமாக விளக்கத் தெரியவில்லை. நான் மதிப்பாய்வாளராக இருந்தால் இன்னும் ஏற்கமாட்டேன், ஆனால் நாளைக்கே ஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

பழைய ஏடு:

ஏற்காமல் வைத்திருப்பதும் வீண் இல்லை. பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் கிடைத்த ஒற்றை மாதிரி, அது தனி இனமா வேறு ஏதாவது குருவியின் கோணல் வடிவமா என்று நூறு வருடத்துக்கும் மேல் சந்தேகத்திலேயே கிடந்தது. மாதிரியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால்தான் பின்னாளில் மரபணுவைப் பார்த்துத் தனி இனம் என்று சொல்ல முடிந்தது. 2006இல் தாய்லாந்தில் பறவைகளைப் பிடித்துக் காலில் அடையாள வளையமிடும்போது வலையில் ஒன்று மாட்டியது, அதன் மரபணுவும் பழைய மாதிரியோடு பொருந்தியது. உங்கள் நோட்டையும் அப்படி வைத்திருங்கள்.

வெயில்தாங்கி:

சரி சரி, அந்த வீடியோவைத்தான் காட்டுங்களேன். நெளிந்தாலும் பரவாயில்லை.

வடிகட்டி:

இங்கே வேண்டாம், முதலில் உங்கள் மதிப்பாய்வாளருக்கு. செல்போனிலிருந்து வந்த மூலக் கோப்பை அப்படியே ஏற்றுங்கள். வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய பிரதி வேண்டாம், சுருங்கிப் போயிருக்கும், வெட்டவும் கூர்மையாக்கவும் வேண்டாம். இப்போது எழுதினீர்களே, அந்தக் குறிப்பை ஒரு வார்த்தை மாற்றாமல் கூடவே ஒட்டுங்கள், வெயிலைப் பற்றிச் சொன்னதையும் சேர்த்து. வீடியோவில் ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திக் காலைப் பாருங்கள். ரஷ்யாவில் கூடு கட்டும் இடத்தில் சிலவற்றின் காலில் அடையாளத்துக்குச் சிறிய இளம்பச்சைக் கொடி மாட்டுகிறார்கள், அது இருந்துவிட்டால் அலகைப் பற்றி யாரும் பேசவே வேண்டாம். திரும்பத் தேடப் போனால் ஓதம் (கடல்நீர் ஏற்றம்) அதே அளவில் ஏறும் நேரமாகப் பார்த்துப் போங்கள், கூட்டம் நெருங்கி நிற்கும். ஆனால் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்க வேண்டாம், பறவைகள் கிளம்பினால் அவற்றின் மேய்ச்சல் நேரம்தான் போகும்.

நாணல்காடு:

நண்பரிடம் மூலக் கோப்பு இருக்கிறதாம், ராத்திரி அனுப்புகிறேன் என்றார். காலைப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. வந்ததும் ஏற்றுகிறேன்.